வேன் விற்பனைக்கு, கழிவறைப் பெட்டியும் சேர்த்து

“நிசான் வேனட். வெள்ளை. மேனுவல் கியர். உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு மேடை, 12 வோல்ட் குளிர்பெட்டி, கூரையில் சூரியத் தகடு. விலை 16,800 ரிங்கிட். பேசிக்கொள்ளலாம்.”

இந்த விளம்பரத்தைப் போட்டபோது இளம் ஜோடிகள்தான் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குக் கட்டிலே வேண்டாமாம். வேன் மட்டும் போதுமாம்.

வேனட்டைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் நாசி லெமாக் விற்பதும் அதில்தான், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போவதும் அதில்தான். உறுமி மேளக் குழு, கல்யாணச் சமையல் அண்டா, திருவிழா நாற்காலி எல்லாம் ஏறி இறங்கிய வண்டி அது. எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் உட்கார்ந்திருக்கும் இடம் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். ஆனாலும் மூலை முடுக்கில் உள்ள பட்டறைக்காரருக்கும் அதைப் பழுது பார்க்கத் தெரியும். நாங்கள் அதை வாங்கியதற்குக் காரணமே அதுதான்.

2021 அக்டோபர் 11ஆம் தேதி மாநில எல்லைகள் திறந்தது நினைவிருக்கிறதா? அதற்குச் சில மாதங்கள் முன்பு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்திய ஒருவரிடமிருந்து 9,500 ரிங்கிட்டுக்கு இந்த வண்டியை வாங்கினோம். அடுத்த ஓராண்டில் உள்ளே போட்டது 12,000 ரிங்கிட். மரப்பலகை, மெத்தை, பேட்டரி என்று எத்தனையோ மாற்றியும், மழை நாளில் கதவைத் திறந்தால் பழைய மீன்கறி வாசம் எட்டிப் பார்க்கும். அது கடைசி வரை போகவில்லை.

ஒன்றில் மட்டும் நாங்கள் கறாராக இருந்தோம். எதையும் வண்டியின் உடம்போடு ஒட்ட வைக்கவில்லை. கிராண்டில் உள்ள இருக்கைகள் அப்படியே இருக்கும். கட்டில் அவற்றின் மேல் விரியும், காலையில் மடங்கும். வண்டியின் அமைப்பை மாற்றுவதென்றால் ஜேபிஜே அனுமதி வேண்டும். அது இல்லாமல் ஆணியடித்து வைத்தவர்கள் விற்கும் நேரத்தில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

இணையக் காணொளிகளில் வெளிநாட்டுக்காரர்கள் வண்டிக்குள் கம்பளி, கணப்பு என்று காட்டுவார்கள். நமக்கு அதெல்லாம் வேலைக்கு ஆகாது. நம் ஊரில் ஒரே எதிரி புழுக்கம்தான், துணைக்குக் கொசு. இரண்டு பக்க ஜன்னலுக்கும் வலை, தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு சின்ன விசிறி. எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனம் போட்டுத் தூங்குவதை மட்டும் ஒருநாளும் செய்ததில்லை. அப்படித் தூங்கியவர்கள் புகை நச்சால் எழுந்திருக்காமலே போன செய்திகளை வானொலியில் என் வாயாலேயே வாசித்திருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளில் எங்கெல்லாம் படுத்தோம் என்று கேட்டால், கடற்கரை, ஏரிக்கரை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் பாதி இரவுகள் உறவினர் வீட்டு வாசலில்தான் கழிந்தன. தைப்பிங் சித்திக்கு முதல் தடவை கோபம் வந்துவிட்டது. “வீட்ல மூணு ரூம் சும்மா கெடக்கு, நீங்க ரோட்ல படுக்குறீங்களா? பாக்குறவங்க என்ன சொல்வாங்க?” மறுநாள் காலை அவரே காப்பியைத் தூக்கிக்கொண்டு வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, பத்து மணி வரைக்கும் இறங்கவில்லை. மற்ற இரவுகளில் தோட்டத்துக் கோயில்கள். தண்ணீர்க் குழாய், நிழல் மரம், ஒரு விளக்கு இருந்தால் போதும். கோயில் தலைவரிடம் முறையாகக் கேட்டால் மறுத்தவர்கள் குறைவு. பிரசாதம் கொடுத்து விசாரித்தவர்களே அதிகம்.

எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை பத்தாங் காலி நிலச்சரிவில் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். அந்த வாரம் நோட்டை எடுத்து, மலைச்சரிவை ஒட்டிய இடங்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்தேன். ஆற்றங்கரைகளுக்கும் ஒரு குறிப்பு: மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ‘கெப்பாலா ஆயேர்’ பாய்ந்து வரும், அதனால் பகலில் குளிக்க மட்டும், இரவில் தங்கக் கூடாது.

பிறகு ஏன் விற்க வேண்டும்? மகன் முதலாம் ஆண்டுக்குப் போகிறான். வெள்ளிக்கிழமை மதியமே கிளம்புவது இனி நடக்காது. மாமியார் எங்களோடு வந்துவிட்டார். அடுக்குமாடியில் எங்களுக்கு இரண்டு கார் நிறுத்துமிடம்தான். வேன் சாலையோரத்தில் நின்று மாதாமாதம் சம்மன் வாங்கியது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பர்கர் விற்க நினைத்த ஒரு தம்பி, பக்கவாட்டை அறுத்துத் திறக்க முடியுமா என்று தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு ஜோடி கட்டிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, அணைத்து, நூறு படம் எடுத்தார்கள். நோட்டையும் படம் பிடித்துக்கொண்டார்கள். அதோடு சரி, திரும்பக் கூப்பிடவில்லை. டுரியான் வியாபாரி ஒருவர் ஐந்தே நிமிடத்தில் முடித்தார். “பதினஞ்சாயிரம், ரொக்கம். உள்ள இருக்குற பலகையெல்லாம் நீங்களே கழட்டிக்குங்க.”

என் கணவர் அன்றிரவே கணக்குப் போட்டார். கழற்றும் குளிர்பெட்டி, பேட்டரி, தகடு எல்லாவற்றையும் தனியாக விற்றால் இன்னும் 2,500 வரும். ஆக மொத்தம் 17,500. விளம்பர விலையைவிட அதிகம்! முகாம் வேன் விற்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது: உள்ளே நீங்கள் கொட்டிய காசை, பார்க்க வருபவர் காசாகப் பார்ப்பதில்லை. நீங்கள் மூன்று வாரம் அளந்து அளந்து செய்த அலமாரி, பலருக்கு அப்புறப்படுத்த வேண்டிய பலகை.

அப்போதுதான் சுங்கை பட்டாணியிலிருந்து அந்த அங்கிள் கூப்பிட்டார். “எண்ணெ குடிக்குமா? சூடாயி நின்னுருக்கா? பொய் சொல்லாம சொல்லும்மா.” சொன்னேன். ஈடிஎஸ் ரயில் பிடித்து மறுநாளே கேஎல் சென்ட்ரலில் வந்து இறங்கிவிட்டார். வயது அறுபத்தைந்து இருக்கும். சட்டைப் பையில் துணி சுற்றிய காந்தம். அதைக் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் வைத்து இழுத்துப் பார்த்தார். துரு தின்ற இடத்தில் பட்டி பூசிச் சாயம் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. எண்ணெய் மூடியைத் திருகி அதன் உட்பக்கத்தை விரலால் தடவினார். வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தமாம். கூரையில் விசிறித் துளையைச் சுற்றித் துரு இருப்பதை நானே காட்டினேன். “தெரியும், வந்தப்பவே பாத்துட்டேன்” என்றார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் இரவு விரைவுப் பேருந்து ஓட்டியவர். வடக்கிலிருந்து ஜொகூர் வரை எல்லா ஊரும் தெரியும், எல்லாமே இருட்டில். அவர் மரவேலையைத் தொட்டும் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் பெட்டியைத்தான் கேட்டார். “இது என்னம்மா?”

இருபது லிட்டர் கொள்ளளவுள்ள கழிவறைப் பெட்டி. விளம்பரத்தில் அதைப் போடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. எப்படித் திறப்பது, எந்த மருந்து ஊற்றுவது, எங்கே கொட்டுவது என்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் மனைவிக்கு இனிப்புநீர் வியாதி. அரை மணிக்கொரு தடவை கழிவறை தேட வேண்டும். மூட்டுவலி வேறு, குந்தும் கழிவறையில் உட்கார முடியாது. அந்தப் பயத்தில் பினாங்கைத் தாண்டி எங்கேயும் வருவதில்லை. “கல்யாண வீட்டுக்குப் போனாக்கூடத் தண்ணி குடிக்க மாட்டா. வழியில வந்துருமோன்னு.”

நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். என் மாமியாரும்தான். பயணத்துக்கு முதல்நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். நாம் வழிச்செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் திட்டமிடுவோம். இதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

அங்கிள் பேரம் பேசுவதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. துருவுக்கு ஐந்நூறு, டயருக்கு நானூறு என்று கழித்துக்கொண்டே வந்து 13,500இல் நின்றார். குளிர்பெட்டி இன்சுலினுக்கு வேண்டும் என்றார். வீட்டில் இரண்டு இரவு வாக்குவாதம். 4,000 ரிங்கிட் வித்தியாசம் எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சின்னத் தொகையா? மகனின் பள்ளிச் செலவு மொத்தமும் அதில் அடங்கிவிடும் என்று கணவர் சொன்னது நியாயம்தான். கடைசியில் 14,000, வெளிப்பந்தலும் இரண்டு நாற்காலியும் எங்களுக்கு. ‘பாவம்’ பார்த்துக் கொடுக்கவில்லை என்று கணவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். எனக்கு, அந்தப் பெட்டியைக் கழற்றித் தனியாக விற்க மனம் வரவில்லை.

பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் பரிசோதனை. சேசிஸ் எண், எஞ்சின் எண், இருக்கை எல்லாம் சரி. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, மகனையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை ஒப்படைக்கக் கிளம்பினோம். கோலாலம்பூரிலிருந்து சுங்கை பட்டாணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போனால் ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப் பாதைக்கு ஏறும் ஏற்றத்தில் லாரிகளே நம் வேனட்டை முந்தும். அதனால் பழைய சாலை.

பழைய சாலையில் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தஞ்சோங் மாலிமில் பாவ் வாங்கினோம். சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார். மாமியார் மூன்று தடவை பெட்டியைப் பயன்படுத்தினார். தண்ணீரும் நன்றாகக் குடித்தார். துன் சம்பந்தன் பிறந்த சுங்கை சிப்புட்டில் மதியச் சாப்பாடு. கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ரப்பர் மரத்தைப் பார்க்க இறங்கினோம். 1877இல் அந்த ஊரில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியிருக்கும் ஒன்று. பால்மரம் சீவி என் கணவரைப் படிக்க வைத்த மாமியார், மரத்தைச் சுற்றி வந்து பட்டையை நகத்தால் கீறிப் பார்த்து, “இதுக்கு வயசாயிருச்சு, பால் நிக்காது” என்றார். அவ்வளவுதான். நாங்கள் எதிர்பார்த்த மாதிரி கண்கலங்கவெல்லாம் இல்லை.

பாடாங் ரெங்காஸ் ஏற்றத்தை இரண்டாவது கியரில் ஏறினோம். தைப்பிங்கில் வழக்கம்போல் மழை. அன்றிரவு சித்தி வீட்டு வாசலில், தகரக் கூரையில் மழை விழ, கடைசியாக அதில் தூங்கினோம். ஞாயிறன்று கிரியான் வயல்களைக் கடந்து, மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கெடாவுக்குள் நுழைந்ததும் தூரத்தில் ஜெராய் மலை தெரிந்தது.

ஆண்ட்டி வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக மாமியாரிடம் போய், “ஏறி எறங்க முடியுதாக்கா?” என்று கேட்டார். இரண்டு பேரும் உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. “இந்தத் திரை போதாதுங்க, தடிப்பா ஒன்னு தைக்கணும்” என்று இறங்கியதும் அங்கிளுக்கு உத்தரவு போட்டார்.

மறுநாள் ஜேபிஜேயில் இருவரும் பெருவிரல் ரேகை வைத்தோம். நோட்டை அங்கிளிடம் கொடுத்தேன். கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைப் பக்கத்தில் நிறுத்தி, ‘கிரிக்கில் எண்ணெய் நிரப்பவும், யானை நடமாட்டம், பகலில் மட்டும்’ என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “இது ஒன்னாவது சரியா எழுதியிருக்கே” என்றார்.

ஆறு வாரம் கழித்து ஒரு குரல் பதிவு. காலை 6.55க்கு அனுப்பியிருக்கிறார். பின்னால் அலைச் சத்தம். “தங்கச்சி, பாச்சோக் கடற்கரைல நிக்கிறோம். சூரியன் வரப்போவுது. அவ நல்லாத் தூங்குறா. எழுப்பவா, வேணாமா?”

அந்த நேரத்தில் நான் காலை நிகழ்ச்சியில் இருந்தேன். பத்து மணிக்கு வெளியே வந்துதான் கேட்டேன். பதறிக் கூப்பிட்டால் ஆண்ட்டி எடுத்தார். “அவரு எங்க எழுப்புனாரு? நானே ஏழரைக்கு எந்திரிச்சேன். சூரியன் மேல வந்துருச்சு. பரவால்ல, நாளைக்கும் இங்கதான்.”