தமையனார் விட்டுச் சென்ற ஒலிநாடா

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, சங்கச் செய்யுளைப் பற்றியோ நாவலர் வசனநடையைப் பற்றியோ யாம் எழுதித் தருவோம் என்றே அன்னார் எண்ணியிருப்பர். தமிழாசிரியன் ஒருவன் அமெரிக்கக் கிற்றார் வாத்தியக்காரர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுவது வழக்கமன்று. எம்மிடம் நன்னூல் கற்ற பழைய மாணவர் நகைக்கவுங் கூடும். நகைப்பாராக.

1990ஆம் ஆண்டின் முற்பகுதியில் எம் தமையனார் மேனாடு சென்றார். அப்போது எமக்கு வயது பதினொன்று. கொழும்பில் வேலைபார்த்த காலத்து அவர் வாங்கிய கசெற் பெட்டியும் ஒலிநாடாக்கள் சிலவும் வீட்டில் இருந்தன. ‘என்ரை பெட்டியிலை கைவையாதை’ என்பதே புறப்படும்போது அவர் எமக்கிட்ட கட்டளை. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் வலுவிற் பாட்டுக் கேட்ட காலம் அது. அக்காலத்து மாணவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கட்டளையை மீறி யாம் சுழற்றிக் கேட்டது ஸ்ரீவி றே வோன் என்பாரின் நாடா. பாட்டிற் சொல் ஒன்றும் விளங்கவில்லை. கருவி பேசியது மாத்திரம் விளங்கியது போலிருந்தது. அயலிற் கிற்றார் பழகிய இளைஞர் ஒருவர் தம் கருவியுடன் வந்திருந்து, ‘தம்பி, நாடா அரைச்சுரம் பதிஞ்சு கேக்குது, இன்னும் கெதியாய்ச் சுத்து’ என்றார். கை சோரச் சுற்றினோம். கணநேரம் சுருதி சேரும்; மறுகணம் விலகும். குற்றம் எம் கையினது என்றே நெடுநாள் நம்பியிருந்தோம். வோன் தம் கருவியை வேண்டுமென்றே அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டுபவர் என்பதைப் பல்லாண்டு கழித்தே அறிந்தோம். தடித்த கம்பிகளைப் பூட்டி, விரல்நுனி பிய்ந்தால் ஒட்டுப்பசை தடவிக்கொண்டு மேலும் வாசிப்பவராம் அவர்.

அவர் 1954ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆம் நாள் ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரிற் பிறந்தவர். ஏழாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த விளையாட்டுக் கிற்றாரே முதற் கருவி. ஆயினும், மூன்றாண்டு மூத்த தமையன் ஜிம்மியின் கருவிகளிலேயே அவர் கண் இருந்தது. தொடக்கூடாதென்று ஜிம்மி விலக்கியிருந்தும், அவர் வெளியே போனவுடன் தம்பி எடுத்து வாசிப்பார். சுரக்குறிப்பைப் படிக்கக் கற்றாரல்லர். இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டே பழகினார். பதினேழு வயதிற் பள்ளியை விட்டு ஒஸ்ரின் நகர் சேர்ந்தார். பள்ளியை விட்டவரைப் பள்ளி மலரிலே போற்றுவதாவென அதிபர் எம்மைக் கேட்டால் விடையிறுப்பது கடினமே.

‘புளூஸ்’ என்னும் இசை, அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒடுக்கப்பட்டு வாழ்ந்த கறுப்பின மக்களிடம் பிறந்தது. வெள்ளையரான வோன் அதனைத் தமதென்று உரிமை பாராட்டினாரல்லர். அல்பேட் கிங், படி கை, ஜிமி ஹென்றிக்ஸ் ஆகியோரைத் தம் முன்னோடிகளாக எங்கும் மதித்துச் சொன்னார்; தம் குழுவின் பெயரையும் ஓரிஸ் றஷ் பாடிய பாட்டொன்றிலிருந்தே எடுத்தார். ஆசிரியர் பெயரை மறைக்காத இப்பண்பே அவர்பால் எமக்கு மதிப்பை மிகுவித்தது.

1982ஆம் ஆண்டு சுவிற்சலாந்தில் மொன்றூ இசைவிழாவுக்கு அவர் குழு சென்றது. அப்போது அவர்களுக்கு இசைத்தட்டு ஒப்பந்தம் ஒன்றுமில்லை. அவையோரிற் சிலர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். எள்ளப்பட்ட அந்த மேடையே அவருக்கு வழி திறந்தது. டேவிட் போவி அவரைத் தம் இசைத்தட்டில் வாசிக்க அழைத்தார். ஜக்சன் பிறவுண் தம் ஒலிப்பதிவுக்கூடத்தை இலவசமாகத் தந்தார். அங்கே சில நாள்களிற் பதிந்த பாடல்களே 1983இல் ‘ரெக்சாஸ் வெள்ளம்’ எனப் பொருள்படும் முதல் இசைத்தட்டாயின. 1985இல் அதே மொன்றூ மேடையில் அவர் மீண்டும் வாசித்தார்.

புகழோடு மதுவும் போதைப்பொருளும் வந்தன. 1986ஆம் ஆண்டு ஐரோப்பியப் பயணத்தின்போது ஜேர்மனியில் உடல்நலங் குலைந்து, இலண்டனிற் சிகிச்சை பெற்று, பின் தாய்நாடு மீண்டு போதை நீக்கும் நிலையமொன்றிற் சேர்ந்தார். அதன்பின் இறுதிவரை அவற்றைத் தொடவில்லை. தம் வீழ்ச்சியை மேடையிலே வெளிப்படையாகப் பேசவும் செய்தார். 1989இல் வெளிவந்த அவரது இசைத்தட்டு கிறாமி விருது பெற்றது.

1990இல் தமையனும் தம்பியும் கூடி ஓர் இசைத்தட்டுப் பதிந்தனர். பிரிந்து வெவ்வேறு குழுக்களிற் புகழ்பெற்ற இருவரும் அவ்வாறு முழுமையாக இணைந்தது அதுவே முதன்முறை. ஓகஸ்ட் 26ஆம் நாள் இரவு, விஸ்கொன்சின் மாநிலத்து அல்பைன் வலி அரங்கில், எரிக் கிளப்ரன் முதலியோருடன் உடன்பிறந்தார் இருவரும் ஒரே மேடையில் வாசித்தனர். நள்ளிரவின்பின் மூடுபனியிற் புறப்பட்ட ஹெலிகொப்டர் அருகிலிருந்த குன்றில் மோதியது. வோனும் உடன்சென்ற நால்வரும் மாண்டனர். அவருக்கு வயது முப்பத்தைந்து. இருவரும் பதிந்த இசைத்தட்டு அடுத்த மாதமே வெளிவந்தது. யாம் அவர் நாடாவைக் கைநோவச் சுழற்றிய நாள்கள் பலவற்றில் அவர் உயிரோடில்லை. எமக்கு அது தெரியாது.

எம் தந்தையார் 2001இல் மறைந்தபோது தமையனார் வரவில்லை. யாமே கொள்ளி வைத்தோம். பின்னர் கடுஞ்சொற் கடிதமொன்று எழுதினோம், பதினோராண்டு பேச்சில்லை. அவருக்கு அப்போது வதிவிட அனுமதி கிட்டாதிருந்ததையும், நாட்டைவிட்டு வெளியேறினால் மீளமுடியாத நிலையையும் பிறர்வாய்க் கேட்டபோது, கடிதத்தை மீட்டெடுக்க வழியிருக்கவில்லை. 2012இல் ஒருநாள், கணினிகற்ற மாணவன் ஒருவன் தந்த இறுவட்டில் அவ்வுடன்பிறந்தாரின் இசையைக் கேட்டோம். அன்றிரவே தொலைபேசியிற் கூப்பிட்டோம்.

தந்தையாரைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை. ‘என்ரை பெட்டி இருக்கோ?’ என்றார். 1995இல் இடம்பெயர்ந்தபோது விட்டுச் சென்றதையும், திரும்பியபோது வீட்டுக்குக் கூரையே இல்லாதிருந்ததையும் சொன்னோம். நாடா அரைச்சுரம் தாழ்ந்து ஒலித்ததன் காரணத்தையும் ஆர்வமிகுதியால் விளக்கினோம். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை.

‘அப்ப நீ தொட்டனீ’ என்றார்.