லுக்லாவில் இரண்டாவது முறை கிடையாது

 

முப்பது வருடம் இயற்பியல் எடுத்தவன் நான். சாய்தளம் என்றால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக் காட்டுவதோடு சரி. ஓய்வுக்குப் பிறகு நேபாளம் போனபோதுதான், சாய்தளமாகவே கட்டிய விமான நிலையத்தைப் பார்த்தேன்.

எவரெஸ்ட் பக்கம் நடைப்பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும் ஊர் லுக்லா. 1964-இல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் உருவான நிலையம். 2001-இல்தான் தார் போட்டார்கள். உயரம் சுமார் 2,845 மீட்டர். ஓடுபாதை வெறும் 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் சுமார் 60 மீட்டர் வித்தியாசம். இருபது மாடி உயரம்!

இந்தச் சரிவுதான் துணை. இறங்கும் விமானம் மேடேறுவதால் புவியீர்ப்பே பிரேக் போடுகிறது. கிளம்பும்போது இறக்கம் வேகம் கொடுக்கிறது.

சிக்கல் எங்கே? அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதே தூக்குவிசைக்குக் கூடுதல் வேகம் வேண்டும். வேகம் கூடினால் நிற்கத் தூரம் வேண்டும். அதுதான் இல்லை. போதாததற்குக் கண்ணும் ஏமாற்றும். மேல்நோக்கிய பாதையைப் பார்க்கும் விமானிக்கு, தான் அதிக உயரத்தில் வருவதாகத் தோன்றும். நம்பித் தாழ்ந்தால் பாதைக்கு முன்னால் இருக்கும் சரிவில் மோத வேண்டியதுதான். பாதை முடியும் இடத்தில் மலை. கடைசி நேரத்தில் மேலே எழும்பி இன்னொரு சுற்று வர முடியாது.

2008 அக்டோபர் 8 அன்று மூடுபனியில் இறங்க முயன்ற விமானம் மோதி 18 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் கேப்டன் ஒருவர் மட்டுமே.

நாங்கள் கிளம்பிய முதல் நாள், பாதி வழியில் மேகம் மூடிவிட்டதென்று விமானி காத்மாண்டுவுக்கே திருப்பிவிட்டார். ஒரு பயணி கவுன்டரில் ஒரே சத்தம். என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அந்த பைலட்டும் வீட்டுக்குப் போகணும்ல?"

இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், முதல் நாள் திருப்பிக் கொண்டுவந்தவருக்கும் சேர்த்து.

போகிறவர்கள் இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஒதுக்கி வைத்துக்கொண்டு போங்கள். விமானியை அவசரப்படுத்தாதீர்கள்.