மயிற்பொறியும் மூன்று சக்கர வண்டியும்

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் பல ஆண்டுகளாக மாறி மாறி நடத்தி வருகிறோம். கருவுற்ற தேவிக்காகச் சச்சந்தன் மயிற்பொறி செய்விப்பதும், கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில் விசயையை அதில் ஏற்றி அனுப்புவதும், பொறி சுடுகாட்டில் இறங்க அங்கே சீவகன் பிறப்பதும் மாணவர்கள் உறங்காமல் கேட்கும் பகுதிகள். வலப்புறம் திருகினால் மேலெழும், இடப்புறம் திருகினால் கீழிறங்கும் என்று சொல்வோம். அக்காலத்திலேயே நம்மிடம் விமானம் இருந்தது என்று யாரேனும் ஒரு மாணவர் பெருமைப்படுவார். அதை மெல்ல மறுத்துவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போய்விடுவோம். மாடங்களின் மீதும் சோலைகளின் மீதும் சில நாள் பறக்கவிட்டு, முறுக்கும் முறையை மன்னன் அவளுக்குக் கற்பித்தான் என்று திருத்தக்கதேவர் சொல்லியிருக்கும் இடத்தில் நாங்கள் நின்றதேயில்லை. 2023 மே மாதத்தில், தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், புல்தரை ஓடுதளம் ஒன்றின் ஓரத்தில் தகரக் கொட்டகைக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்யுள் நினைவில் வந்து நின்றது.

அங்கே எங்களை அழைத்துச் சென்றவர் தம்பி. எங்களுள் ஒருவருக்கு உடன்பிறந்தவர், மற்றவருக்கு மைத்துனர். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடக்கால் சூம்பியது. பள்ளிக்கு அம்மா இடுப்பில் தூக்கிப் போனார். பிள்ளை வளர்ந்து கனத்தபின் முதுகில் தூக்கிப் போனார். கல்லூரிக் காலத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கி, சந்திப்பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு பட்டறையில் பின்புறம் இரண்டு சக்கரங்களைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் நான்கு சக்கரங்கள். ஆயினும் தெருவில் அதற்கு 'மூணு சக்கரம்' என்றே பெயர். வண்டிக்கு வைத்த பெயர் நாளடைவில் ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. பொறியியல் முடித்து இங்கிலாந்து சென்ற பிறகு அவர் வாங்கிய முதற்பொருள், பின்னால் இரு சக்கரங்கள் கொண்ட பெரிய மோட்டார் சைக்கிள். இம்முறை உண்மையாகவே மூன்று சக்கரங்கள்.

அவ்வண்டிக்காரர்களுள் ஐந்தாறு பேர் சனிக்கிழமைதோறும் அந்தக் கொட்டகையில் கூடுகிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பின்னாலிருந்த கொட்டகையின் கதவைத் தம்பி தள்ளித் திறந்தபோதுதான், அங்கே இன்னொரு மூன்று சக்கர வண்டி, தலைக்குமேல் சிறகோடு நிற்பதைக் கண்டோம். ஒருவர் பின் ஒருவராய் இருவர் அமரும் தொட்டில், முதுகுப்புறம் எஞ்சினும் விசிறியும், அலுமினியக் குழாய்களில் இழுத்துக் கட்டிய முக்கோணத் துணி. அவ்வளவே. அதையும் 'டிரைக்' என்றே அழைக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக அவர் அதில் பறந்துகொண்டிருக்கிறார். வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் எங்களுக்கு அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

எங்களில் அக்கா என்று அழைக்கப்படுபவர் ஒன்றும் பேசவில்லை. சிறகுக்கும் தொட்டிலுக்கும் இடையே போய் நின்று, இரண்டையும் இணைப்பது எது என்று மட்டும் கேட்டார். ஒரே ஒரு போல்ட்டைத் தம்பி காட்டினார். அது தவறினால் தாங்குவதற்கென்று ஒரு பட்டையும் உண்டு என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

இந்தச் சிறகின் கதை எங்களுக்கு அங்கேதான் சொல்லப்பட்டது. அமெரிக்க அரசின் வான்பறப்பு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் ரொகாலோ, 1948இல் வீட்டிலேயே காற்றாடி வைத்துச் சோதித்து, சட்டமில்லாத மெல்லிய சிறகு ஒன்றை உருவாக்கினார். அவர் மனைவி கெர்ட்ரூட் அதைத் தைத்தது சமையலறைத் திரைச்சீலையில். 1963இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊரில் ஜான் டிக்கன்சன், அவ்வகைச் சிறகின்கீழ் முக்கோணக் கம்பி ஒன்றைப் பொருத்தி, ஆளைத் தொங்கவிட்டு, உடல் எடையை நகர்த்தியே அதைத் திருப்பலாம் என்று காட்டினார். பின்னர் வந்தவர்கள் ஆளுக்குப் பதிலாக எஞ்சின் பூட்டிய வண்டியைத் தொங்கவிட்டார்கள். இத்தகைய ஒன்றில்தான் பிரையன் மில்டன் 1998இல் 120 நாளில் உலகைச் சுற்றிவந்தார். அவர் திட்டமிட்டது 80 நாள் என்பதை அங்கிருந்தோர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சமையலறைத் திரைச்சீலை என்ற சொல்லில் மட்டும் அக்கா முகம் சற்று இளகியது.

எங்களுக்கு வியப்பளித்தது அதை ஓட்டும் முறை. வலப்பக்கம் திரும்பக் கம்பியை இடப்பக்கம் தள்ள வேண்டும். வேகம் கூட்டக் கம்பியை மார்பை நோக்கி இழுக்க வேண்டும். முன்னே தள்ளினால் மூக்கு நிமிர்ந்து வேகம் குறையும். தரையில் ஓடும்போதோ வலக்காலை அழுத்தினால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்புகிறது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், முழங்கால் தேய்ந்து இரு சக்கரத்தைக் கைவிட்டு மூன்று சக்கரத்திற்கு வந்தவர், சாலையில் அரைநூற்றாண்டு பழகிய தம் கைகளே தமக்கு முதற்பகைவர்களாக இருந்தன என்றார். உரிமம் பெறக் குறைந்தது 25 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் தனியாக. அவருக்கு அதைப்போல் இருமடங்கு ஆயிற்றாம். கணவரை இழந்த செவிலியர் ஒருவர், மாலையில் கதிரறுத்த வயல்களின் மேல் பறக்கையில் வைக்கோல் மணம் ஆயிரம் அடி உயரம் வரை வரும் என்றார். கண்ணாடி மறைப்பில்லாத வண்டியாதலால் அது முகத்தில் வந்து மோதுமாம். விசயை சோலைகளின் மேல் பழகியபோது அவளுக்கும் மணம் வந்திருக்கும். தேவர் அதைச் சொன்னாரா என்று ஊருக்குத் திரும்பியதும் பார்த்தோம். சொல்லவில்லை.

தம்பிக்கு இடக்கால் பயன்படாது. ஆகவே இடக்காலால் மிதிக்கும் பிரேக்கைக் கைப்பிடிக்கு மாற்றி, முன்சக்கரத்தை வலக்கால் ஒன்றினாலேயே தள்ளவும் இழுக்கவும் ஒரு பட்டை வைத்து, ஆய்வாளரின் ஒப்புதல் பெற்றிருந்தார். மேலே போய்விட்டால் கால்களுக்கு அதிக வேலையில்லை.

பேச்சு அவரவர் கண்ட இடர்களுக்குத் திரும்பியது. எண்ணூறு அடி உயரத்தில் எஞ்சின் நின்றுபோன நாளைத் தம்பி ஏதோ பேருந்தைத் தவறவிட்டவர்போலச் சொன்னார். அச்சத்தில் கை தானாகக் கம்பியை முன்னே தள்ளப் பார்க்குமாம். தள்ளினால் வேகம் செத்துச் சிறகு தாங்குவதை நிறுத்திவிடும். "மெதுவாப் போனாதான் ஆபத்து அக்கா. வேகம் இருக்கவரைக்கும் அது விடாது." கீழே மஞ்சள் பூத்த கடுகினப் பயிர் வயல் விரித்த கம்பளம்போல் இருந்ததாம். அழகாக இருக்கும் வயலில் இறங்கக் கூடாது. உயர்ந்த பயிர் சக்கரங்களைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். அவர் அடுத்திருந்த ஆட்டு மேய்ச்சல் நிலத்தைத் தேர்ந்தார். ஆடுகள் ஓடிவிட்டன. எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். சற்றுப் பொறுத்துத் தம்பி கைத்தடியை ஊன்றி எழுந்து பின்னால் போனார்.

"ஏல, அம்மை உன்னை எத்தனை வருசம் தூக்கிச் சுமந்தா? பட்டம் விடக்கூட மொட்டை மாடிக்கு விடலியே ஒன்னய. மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. மாடிக்கு விடலைன்னுதான் ஞாபகம் இருக்கு."

"விழுந்தா?"

"தரையில விழுந்ததுக்குக் கணக்கு வச்சிருக்கியா? பள்ளிக்கூடத்துல, பஸ் ஸ்டாண்டுல, கல்யாண வீட்டுல. ஒரு தடவை ஒன் கல்யாணத்துலயே. மேல இன்னும் ஒரு தடவகூட விழல."

கல்யாணத்தில் அவர் விழுந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். மேடைப் படியில் ஏறுகையில் விழுந்தார். சுற்றத்தார் பார்க்கிறார்கள் என்று நாங்கள் மாலையும் கழுத்துமாக நின்ற இடத்திலேயே நின்றோம். அதைப்பற்றி இத்தனை ஆண்டுகளில் மூவரும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

மறுநாள் விடியலில், காற்று எழுமுன், அக்கா பறந்தார். மற்றவருக்குத் துணிவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். தடித்த உடையும் தலைக்கவசமும் அணிந்து பின்னிருக்கையில் ஏறியவர், முன்னிருந்த தம்பியின் தோளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். வண்டி புல்லில் சிறிது தூரமே ஓடியது. சக்கரங்கள் எழுந்ததும் அவற்றின் தடதடப்பு சட்டென்று நின்றது. அரைமணி நேரம் கழித்து இறங்கியவரின் கண்களில் நீர் வழிந்திருந்தது. குளிர்காற்று என்றார். அவரைப் பற்றி இறக்கிவிட நாங்கள் நீட்டிய கைக்கு முன் தம்பியின் கை நீண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

அன்று மதியம் அம்மாவிடமிருந்து அழைப்பு. சாப்பாடு, குளிர், மாத்திரை எல்லாம் கேட்டு முடித்து, இன்று எங்கே போனீர்கள் என்றார்.

"தம்பி வண்டியில சுத்துனோம்மா."

"அந்த மூணு சக்கரத்துலயா?"

"ஆமாம்மா. மூணு சக்கரந்தான்."

"அவனை மெதுவாப் போகச் சொல்லு."

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சரியென்று சொல்லித் தொலைபேசியை வைத்தோம்.