நாகபுரி எவ்வளவு தூரம்?

போன மாசம் எங்கள் காலனித் தம்பிகள் நாலு பேர் யோசனை கேட்டு வந்தார்கள். 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய தீட்சா பூமியைப் பார்க்கணுமாம். ஒருத்தன் செல்போனைத் தடவிப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, மெட்ராஸ்லருந்து ப்ளேன்ல ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான்."

கணக்குப் போட்டோம். ஆகாய வழியில் சுமார் 900 கிலோமீட்டர். ரயில் வழியில் 1,100 அளவில் வரும். பதினாறு, பதினேழு மணி நேரம். ஆனால் விமானக் கம்பெனி சொல்வது கிளம்பின நேரத்திலிருந்து நிற்கிற நேரம்வரைதான். காஞ்சிபுரத்திலிருந்து மீனம்பாக்கம் போக இரண்டு மணி நேரம், அங்கே காத்திருக்க இரண்டு மணி நேரம், இறங்கி ஊருக்குள் போகிற நேரம் எதுவும் அதில் இல்லை. நான் முதல்முறை போனபோது முன்பதிவில்லாத பெட்டியில் விஜயவாடாவரைக்கும் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன். அந்த நேரத்தையும் எந்த அட்டவணையிலும் போடமாட்டார்கள்.

எங்கள் ஆயாவுக்குத் தூரக்கணக்கே வேறு. காலனியிலிருந்து பஸ் நிற்கிற இடம் ஊர்த்தெரு வழியாகப் போனால் முக்கால் கிலோமீட்டர். போகலாம், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகணும். ஆயா ஏரிக்கரையைச் சுற்றிப் போவாள், இரண்டரை கிலோமீட்டர். மிச்ச தூரத்தைச் சாதிதான் போட்டது.

2022 ஆகஸ்டில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் எங்கள் மாவட்டத்துப் பரந்தூரில் என்று அறிவித்தார்கள். பதின்மூன்று கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல், ஏரியும் நஞ்சையுமாக. ஏகனாபுரத்து ஜனங்கள் ஆயிரம் நாளுக்கு மேல் போராடினார்கள். அந்தப் பக்கத்து வயல்களில் என் அம்மா நடவு நட்டிருக்கிறாள். பட்டாவில் அவள் பேர் எங்கேயும் இல்லை. நிலம் கொடுத்தவனுக்கு ஏக்கர் கணக்கில் பேசுகிறார்கள். நட்ட கைக்கு என்ன கணக்கு?

இந்தக் கேள்வி புதுசில்லை. காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அதன் கலெக்டர் திரமென்ஹீர், நிலமில்லாத எங்கள் ஜனங்கள் பட்ட பாட்டை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன்பேரில்தான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. நூற்று முப்பது வருஷம் தாண்டியும் என் அம்மா அடுத்தவன் வயலில்தான் இறங்கினாள்.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் பறக்கட்டும், என் அம்மாவும் ஜன்னலோரம் உட்காரட்டும். யாருடைய நேரம் மிச்சமாகிறது, யாருடைய காலடி நிலம் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கெழுதுங்கள் என்கிறேன்.

தம்பிகள் கடைசியில் ரயிலுக்குத்தான் டிக்கெட் போட்டார்கள். கிளம்புகிற அன்றைக்கு விடியற்காலை, பழக்கதோஷத்தில் ஏரிக்கரைப் பக்கம் திரும்பினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா குரல் கொடுத்தாள்:

"அந்தப் பக்கம் எதுக்குடா? ஊர்த்தெரு வழியாவே போங்க. செருப்பு போட்டுக்கினே போங்க."