டிரெய்லர் வாங்கப் போன கதை

முதல்லயே சொல்லிடறேன், இது சினிமா டிரெய்லர் இல்லீங்க. காருக்குப் பின்னாடி கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கும், இன்ஜின் மட்டும் இருக்காது. நம்ம ஊர் ஷூட்டிங்ல ஹீரோவுக்கு ஒரு கேரவன் நிக்குமே, அதோட ஏழைத் தம்பின்னு வெச்சுக்கோங்க. அமெரிக்காவுல இதுக்குப் பேரு டிராவல் டிரெய்லர். இங்க ஓடறதுல பெரும்பாலானது இண்டியானா மாநிலத்துல எல்க்கார்ட்ங்கற ஊரைச் சுத்தியிருக்கற ஃபேக்டரிகள்ல செஞ்சது.

எங்க லேப்ல ஒரு சீனியர் அண்ணன். பிஎச்.டி. முடியப் போகுது, முடிஞ்சதும் குடும்பத்தோட ஊருக்கே திரும்பறார். அதுக்குள்ள டெக்ஸாஸ்ல இருந்து கிளம்பி பிக் பெண்ட், கிராண்ட் கேன்யன்னு ஒரு சுத்து சுத்திடணும்னு ஆசை. பிரச்சனை அவங்க மூணு வயசுக் குட்டி. அதுக்கு வேர்க்கடலை அலர்ஜி. ஹோட்டல்ல சாப்பிட்டா அது சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அண்ணி அது மூஞ்சியையே பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. சொந்த அடுப்புல சமைச்சுக்கிட்டே போகணும்னா டிரெய்லர்தான் வழி. வாடகை விசாரிச்சா தலை சுத்துது. அதனால பழசு ஒண்ணு வாங்கி, ஊர் சுத்திட்டு, வித்துட்டுக் கிளம்பறதுன்னு பிளான். கையில இருந்தது ஏழாயிரம் டாலர். அஞ்சு வருஷ டி.ஏ. சம்பளத்துல மிச்சம் பிடிச்சது. வாங்கினதைத் திருப்பி விக்க முடியலைன்னா அந்தச் சேமிப்பு அப்படியே போச்சு.

"நீ மெக்கானிக்கல்தானே, வாடா"ன்னு என்னையும் இழுத்துட்டுப் போனார். (மெக்கானிக்கல் படிச்சா மிக்ஸி ரிப்பேர்ல இருந்து எல்லாத்துக்கும் கூப்பிடுவாங்கங்கறது உலக நியதி.)

போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் உக்காந்து படிச்சேன். எனக்குப் புரிஞ்சது இதுதான். பழைய டிரெய்லர் வாங்கறவன் பயப்பட வேண்டியது துருவுக்கோ பழசுக்கோ இல்ல, தண்ணிக்குத்தான். இதோட சுவர் நம்ம வீட்டுச் சுவர் மாதிரி கிடையாது. நடுவுல மர ஃபிரேமோ அலுமினிய ஃபிரேமோ, ஃபோம், ரெண்டு பக்கமும் மெல்லிசு பிளைவுட், வெளியில ஃபைபர்கிளாஸ் தோல், எல்லாத்தையும் ஒட்டி வெச்சிருப்பாங்க. கூரையில பெரும்பாலும் ரப்பர் ஷீட். அந்த ஷீட்டை ஓட்டை போட்டுத்தான் வென்ட், ஏசி, ஆன்டெனா எல்லாம் வரும். ஓட்டையைச் சுத்திப் பசை மாதிரி ஒரு சீலன்ட். வெயில்ல அது வெடிச்சா மழைத்தண்ணி சொட்டு சொட்டா உள்ள இறங்கி, சுவருக்கு நடுவுலயே கீழ போயிடும். உள்ள இருக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியறப்ப பிளைவுட் பிஸ்கட் மாதிரி ஊறிப் போயிருக்கும். டிவி ஓடலையா, வேற வாங்கிக்கலாம். மெத்தை கிழிஞ்சிருக்கா, மாத்திக்கலாம். சுவர் ஊறிட்டா பிரிச்சு எடுத்துத் திரும்பக் கட்டணும். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய டிரெய்லரே வந்துடும்.

முதல் டிரெய்லர் கால்வெஸ்டன் பக்கம். 2008 மாடல், 24 அடி, 6,500 டாலர். படியேறி உள்ள போனதும் அண்ணனுக்குக் கண்ணெல்லாம் மின்னுது. புது வினைல் தரை, புது வால்பேப்பர், புது குஷன், கமகமன்னு வெனிலா வாசனை. குட்டி நேரா பங்க் பெட்ல ஏறிப் படுத்துடுச்சு. விக்கற தாத்தா, "போன மாசம்தான் எல்லாம் புதுசா போட்டேன்"னார். எனக்கு அதுதான் உறுத்துச்சு. விக்கப் போற வண்டிக்கு, அதுவும் ஒரே ஒரு மூலையில மட்டும், எதுக்கு இவ்வளவு புது வால்பேப்பர்?

நான் ஏணி வெச்சு மேல ஏறிப் பார்த்தா வென்ட்டைச் சுத்தி சீலன்ட் வறண்டு பாளம் பாளமா நிக்குது. இறங்கி வந்து பக்கச் சுவரோட ஒரு கண்ணை வெச்சு வெயில்ல சாய்வா பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழ லேசா ஒரு உப்பல். ஃபைபர்கிளாஸ் பிளைவுட்ல இருந்து பிரியுதுன்னு அர்த்தம். இதையெல்லாம் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு உள்ள வந்தா, அண்ணி எனக்கு முன்னாடியே கேஸை முடிச்சுட்டாங்க.

அவங்க ஏணியெல்லாம் ஏறலை. துணி அலமாரியைத் திறந்து, தலையை உள்ள விட்டு ஒரு மூச்சு இழுத்தாங்க, அவ்வளவுதான். "ஐப்பசி மாசம் எங்க வீட்டு பீரோவுக்குப் பின்னாடி இதே வாசம்தான் வரும்." அப்புறம் அலமாரியோட உள்மூலையைக் கட்டை விரலால அழுத்தினாங்க. விரல் உள்ள போகுது. வெனிலா தெளிச்சவர் அலமாரிக்குள்ள தெளிக்க மறந்துட்டார் போல! பாத்ரூம் வாசல்ல மிதிச்சா புது வினைலுக்குக் கீழ தரை அமுங்குது. தாத்தா, "எல்லா டிரெய்லரும் இப்படித்தான் இருக்கும்"னார். குட்டியைப் பங்க்ல இருந்து பிரிச்சு எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

தண்ணியே இல்லாம இருந்திருந்தாலும் அது ஒத்து வந்திருக்காது. அண்ணன் வண்டி இழுக்கக்கூடிய எடை 5,000 பவுண்ட். அந்த டிரெய்லரோட காலி எடை 4,300. விக்கறவங்க எல்லாரும் காலி எடையைத்தான் சொல்லுவாங்க. 40 காலன் தண்ணி நிரப்பினா 330 பவுண்ட், ரெண்டு சிலிண்டர் கேஸ் 40, பேட்டரி 50, அரிசி பருப்பு துணிமணின்னு ஒரு 500. கூட்டிப் பாருங்க, 5,220. மலைப்பாதையில குழந்தையை வெச்சுக்கிட்டு இந்தக் கணக்குல விளையாட முடியாது. போதாததுக்கு, மொத்த எடையில 10-லருந்து 15 சதவீதம் கொக்கி மேல உக்காரணும், இல்லைன்னா பின்னாடி வாலாட்ட ஆரம்பிச்சுடும்.

ரெண்டாவது ஒண்ணு ரொம்ப சீப்பா வந்துச்சு, 2006 மாடல். இதைப் பார்க்கவே போகலை. காரணம் இருக்கு. 2005-ல கத்ரீனா புயல் அடிச்சப்ப வீடிழந்தவங்களுக்கு ஃபெமா நிறைய டிரெய்லர் வாங்கிக் குடுத்துச்சு. அதுல இருந்தவங்களுக்குக் கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அதுல 519-ஐச் சோதிச்சு 2008-ல முடிவு சொன்னாங்க. காத்துல ஃபார்மால்டிஹைடு சராசரியா 77 பி.பி.பி., சிலதுல 590 வரைக்கும். அப்புறம் அதையெல்லாம் குடியிருக்கறதுக்கு இல்லைன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஏலத்துல வித்தாங்க. ஸ்டிக்கர் காணாமப் போய் கைமாறினதும் உண்டு. வருஷம் ஆக ஆக அந்த வாயு குறைஞ்சுடும், உண்மைதான். ஆனா அந்த விளம்பரத்துல வண்டி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டதுக்குப் பதிலே வரலை. விட்டுட்டோம்.

மூணாவது ஒரு வயசான தம்பதியோடது. 2011, 19 அடி, காலி எடை 3,300, விலை 6,200. பார்க்க அசிங்கம்னா அப்படி ஒரு அசிங்கம். காப்பிப்பொடி கலர்ல திரைச்சீலை, குஷன்ல வாத்து படம். அண்ணன் முகம் சுருங்கிடுச்சு. ஆனா அந்தத் தாத்தா ஒரு நோட்டு வெச்சிருந்தார். எந்தத் தேதியில கூரைக்குச் சீலன்ட் போட்டார், குளிர்காலத்துக்கு முன்னாடி எப்ப பைப்ல தண்ணியை வடிச்சார், எல்லாம் வரிசையா. 2021 பிப்ரவரிக் குளிர்ல டெக்ஸாஸ்ல எத்தனையோ வீட்டுக் குழாயே வெடிச்சுது, இவரோடது வெடிக்கலை. அண்ணி வழக்கம்போல ஒவ்வொரு அலமாரியா மூக்கை விட்டாங்க. பழைய சோப்பு வாசம், அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே போட்டு வெக்கச் சொல்லியிருந்தேன். இது நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்ல, கம்ப்ரசரே கிடையாது. கேஸ் அடுப்பு மாதிரி ஒரு சின்ன நெருப்பு எரிஞ்சுதான் குளிர வெக்கும்! 1922-ல ஸ்டாக்ஹோம்ல ரெண்டு மாணவர்கள், வான் பிளாட்டனும் முன்டர்ஸும், கண்டுபிடிச்ச வித்தை. (நாமளும்தான் மாணவர்கள்...) குளிர மணிக்கணக்குல ஆகும், அதனால அஞ்சு நிமிஷம் போட்டுக் காட்டினா நம்பக்கூடாது. திறந்து பார்த்தா ஜில்லுனு இருக்கு, அம்மோனியா நாத்தம் இல்ல.

டயர்தான் மாட்டினது. பட்டனெல்லாம் புதுசு மாதிரி இருக்கு, ஆனா பக்கத்துல 1615-ன்னு போட்டிருக்கு. 2015-ஆம் வருஷம் 16-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். நின்னே கெழடு தட்டற ஜாதி இது, அஞ்சாறு வருஷத்துக்கு மேல நம்பக்கூடாது. நாலையும் மாத்தணும்னு காட்டினேன். தாத்தா கண்ணாடி போட்டுப் பார்த்துட்டு, பேரமே பேசாம 600 குறைச்சுட்டார். 5,600.

டைட்டில் பேப்பர்ல கடன் பாக்கி எதுவும் இல்லைன்னு பார்த்துக்கிட்டு, அவங்களையும் கூட்டிட்டே கவுன்ட்டி டாக்ஸ் ஆபீஸ் போனோம். டெக்ஸாஸ்ல வரி 6.25 சதவீதம், 350 டாலர். டயர், பிரேக் கன்ட்ரோலர் எல்லாம் போக அண்ணன் கையில பெட்ரோலுக்குக் கொஞ்சம் நிக்குது. வாத்து குஷனை மாத்தணும்னு அவர் சொன்னார், குட்டி விடலை.

கிளம்பறப்ப தாத்தா அந்த நோட்டை அண்ணிகிட்டதான் குடுத்தார். அடுத்த சீலன்ட் அக்டோபர்லன்னு அவரே எழுதி வெச்சிருந்தார் :)