பிழைப்பூதியம்

தாயி, போன வாரம் போனில் பேசியபோது, "மாமா, ஆபீஸ்ல ஒருத்தர் சரியில்ல. சஸ்பென்ட் பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றாய். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. கோபத்தில் சொல்லியிருந்தால் ராத்திரி தூங்கி எழுந்தால் ஆறிவிடும். நீ அதைத் தபாலில் கையெழுத்துப் போடுவதுபோலச் சொன்னாய். அதனால் இதை எழுதுகிறேன்.

பணியமைப்புப் பிரிவில் 32 வருஷம் இருந்தவன் நான். அங்கே நான் சூப்பிரண்டாக இருந்தபோது, காசாளர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்த உதவியாளர் ஒருவரைப் பணம் குறைகிறது என்று தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஆணையை வரைந்தவன் நான்தான். ஒரே சாயங்காலத்தில் டைப் ஆகி, மறுநாள் காலையில் அவர் கையில் கொடுத்தாயிற்று. அந்த வேகம் அதோடு நின்றுவிட்டது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரிக்க வேண்டியதும் நான்தான். ஜமாபந்தி வந்தது, பின்னால் தேர்தல் வேலை வந்தது. கோப்பு என் மேசையிலேயே கிடந்தது.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. தொடக்கத்தில் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. அதை வாங்க, வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை என்று அவர் சான்று எழுதித் தர வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சஸ்பென்ட் ஆனவனுக்கு ஒன்றும் கிடையாது என்று நினைத்து, வெட்கத்தில் அலுவலகப் பக்கமே வராமல் இருந்துவிட்டார். மூன்று மாதம் அந்த வீட்டுக்கு ஒரு ரூபாய் போகவில்லை.

நாலாவது மாதம் அவர் மனைவி வந்தார். மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். பணம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "ஐயா, அவரு மேல என்ன குத்தம்னு ஒரு காகிதம் கொடுங்க. சொந்தக்காரங்க கேட்டா காட்டணும்." கொடுக்க என்னிடம் காகிதம் இல்லை. நான் இன்னும் எழுதவில்லையே.

அரசியல் சாசனத்தின் 311ஆம் பிரிவை நீ பரீட்சைக்குப் படித்திருப்பாய். நியமித்தவருக்குக் கீழே உள்ள அதிகாரியால் அரசு ஊழியர் ஒருவரை வேலையை விட்டு நீக்க முடியாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, அவர் தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரணை நடத்தாமல் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, அவை அரிது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 240ஆம் பிரிவிலேயே இந்தக் காப்பு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒத்துக்கொண்ட சங்கதி இது. தற்காலிகப் பணிநீக்கம் தண்டனை அல்ல என்று சட்டம் சொல்லும். அந்த அம்மா நின்ற வராந்தாவில் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது.

கோலார் தங்கவயலில் நடந்ததைச் சொல்கிறேன். 1985இல் அங்கே ஒரு பாதுகாப்பு அலுவலர் வீட்டில் போலீஸ் சோதனை போட்டது. நாலரை கிராம் தங்க உருண்டையும் தங்கம் கலந்த மணலும் கிடைத்தன என்றார்கள். சஸ்பென்ட் செய்து, ஒரு பக்கம் கிரிமினல் வழக்கு, மறுபக்கம் துறை விசாரணை. பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. அவர் கேரளத்தில் தன் ஊருக்குப் போயிருந்தார். உடம்பும் சரியில்லை, விசாரணைக்கு வந்துபோகக் கையில் காசும் இல்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்து, 1986இல் வேலையை விட்டே நீக்கினார்கள். அடுத்த வருஷம் கிரிமினல் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு நியாயம் கிடைத்தது 1999இல். மறுபடி வேலையும் நிலுவைச் சம்பளமும் கொடுக்கச் சொன்னார்கள். பதினாலு வருஷம், தாயி! பஸ் செலவுக்குக் காசு இருந்திருந்தால் அந்த மனிதர் வந்து உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பார். இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு அந்த மஞ்சள் பைதான் ஞாபகம் வந்தது.

2015இல் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காவிட்டால் தற்காலிகப் பணிநீக்கத்தை நீட்டக் கூடாது என்றது. எல்லா வழக்குக்கும் இதை ஒரேமாதிரி பொருத்த முடியாது என்ற வாதமும் பிறகு வந்தது. நீ அந்தச் சந்துக்குள் நுழையாதே. உனக்கு மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான்.

முதலில் அவரை உட்காரவைத்துப் பேசு. சின்னத் தப்பு என்றால் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தண்டனைக்கான 17ஏ போதும்; விளக்கம் கேள், விளக்கத்தை நிஜமாகவே படி. பெரிய தண்டனைக்கான 17பி போடுமளவுக்கு இருந்தால், அவர் நாற்காலியில் இருந்தால் சாட்சியோ ஆவணமோ கெடுமா என்று யோசி. கெடாது என்றால் வேறு இருக்கைக்கு மாற்றினாலே போதும், சஸ்பென்ஷன் எதற்கு? "கடமையில் அலட்சியமாக இருந்தார்" என்று மொட்டையாகக் குற்றச்சாட்டு எழுதி வந்தால் திருப்பி அனுப்பு. எந்தத் தேதி, எந்தக் கோப்பு, எந்த ரசீது என்று இருக்க வேண்டும். புகார் சொன்னவரையே விசாரணை அலுவலராகப் போடாதே. விசாரணை அறிக்கை வந்ததும் நகலை அவருக்குக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவெடு. நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கொடுக்காமல் விட்டதால் கோர்ட்டில் மாட்டிக்கொண்ட கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே தப்புச் செய்தவன்கூட அந்த ஓட்டை வழியாகத் தப்பிவிடுவான்.

அந்த உதவியாளர் விஷயம் பதினோரு மாதம் இழுத்தது. கடைசியில், பணம் வேறு கணக்குத் தலைப்பில் கருவூலத்தில் கட்டப்பட்டிருந்தது தெரிந்தது. சலான் எழுதியதில் பிழை, அவ்வளவுதான். கண்டனத்தோடு விட்டார்கள். அந்தப் பதினோரு மாதத்தையும் பணிக்காலமாகக் கருதலாம் என்று ஆணை வந்தபோது, அவருடைய பணிப்பதிவேட்டில் அந்த வரியை நானே எழுதினேன். எழுத்தரிடம் கொடுக்க மனம் வரவில்லை. அவர் திரும்பி வந்து என் எதிர் மேசையிலேயே உட்கார்ந்தார். ஓய்வு பெறும்வரை என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நீ பொறுப்பேற்ற அலுவலகத்தில் ஏற்கெனவே தற்காலிகப் பணிநீக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் போன மாதப் பிழைப்பூதியம் யாருக்குப் போகவில்லை என்று நாளைக்குக் கேட்டுப் பார். பொங்கலுக்கு வரும்போது எனக்குச் சொல்.