சாங்கிக் கரையில் ஒரு ஞாயிறு

சிங்கப்பூர் போகிற நம்மவர்கள் தேக்காவில் சாமான் வாங்கி, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை ஒரு ஞாயிறு காலை, தானா மேராவில் 2ஆம் எண் பஸ் ஏறிச் சாங்கி வில்லேஜ் வரை போய் வாருங்கள்.

அங்கே ஸ்ரீ ராமர் ஆலயம் இருக்கிறது. கடலோரமாக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை. எதிரே உபின் தீவு; பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். மணலில் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடுகின்றன. பிள்ளைகள் தாழப் பறக்கும் விமானங்களை எண்ணுகிறார்கள்.

அந்தக் கடற்கரையிலேதான் 1942 பிப்ரவரி 20ஆம் தேதி ஜப்பானியர் 66 சீன ஆண்களை நீரோரம் நிறுத்திச் சுட்டார்கள். நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. படித்தபின் கால் நகரவில்லை.

திரும்பும் வழியில் சாங்கி அருங்காட்சியகம். இங்கே கைதிகளாயிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் பலர் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். மாண்டவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அதே பாதையில் மடிந்த நம் தோட்டத்துத் தமிழர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது.

உங்கள் வீட்டில் பாட்டன் பாட்டி சொல்லிப்போன பெயர் ஏதேனும் இருந்தால், இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.